தலையணை உறைகளின் எடை

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் உள்ளங்கை வெடிப்பு ஆறியதா? மருத்துவமனை சலவைக்கூடத்தில் உங்களுக்கெல்லாம் கையுறை கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னாய். நீ போட்டுக்கொள்கிறாயா என்று மட்டும் சொல்லவில்லை.

வேலையில் சேர்ந்து பத்து நாளாகிறது. பள்ளிக்கூடம் பெரியதுதான். வேதியியல் ஆய்வகம் ஓர் அலமாரி அளவு இருக்கும் என்று எழுத வந்தேன். அலமாரி அளவு என்ன, அலமாரியேதான். பக்கத்தில் ஒரு குழாய் இருக்கிறது. திறந்தால் இருமுகிறது, தண்ணீர் வருவதில்லை.

எனக்குக் கொடுத்திருப்பது பள்ளி இறுதி வகுப்பு, முப்பத்தெட்டுப் பேர். சென்ற வருடப் பாடத்தில் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். ஒன்பது பேர் தேறினார்கள். தலைமையாசிரியர் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சமும் அதிர்ச்சி அடையவில்லை. "கெமிஸ்ட்ரின்னாலே இங்க இப்படித்தான் சார். உங்களுக்கு முன்னாடி வந்தவர் ஆறே மாசத்துல மாற்றல் வாங்கிட்டுப் போயிட்டாரு. இந்த வருஷமும் இப்படியே போனா அந்தப் பிரிவையே எடுத்துடச் சொல்லி மேல இருந்து கடிதம் வந்திருக்கு" என்றார்.

பிள்ளைகள் எனக்கு 'முதுகு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எப்போதும் கரும்பலகையைப் பார்த்தே எழுதிக்கொண்டிருக்கிறேனாம். சமன்பாட்டை எழுதாமல் வேதியியலை வேறு எப்படி நடத்துவது, நீயே சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் சௌக்கியம். கை பழையபடிதான். கையுறை போட்டால் துணி எவ்வளவு ஈரமென்று தெரிவதில்லை, அதனால் பாதி நேரம் கழற்றிவிடுகிறேன். திட்டாதே. அத்தானுக்கு வேன் ஓட்டி ஓட்டி இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. உன் பட்டப்பெயரைப் படித்துக் காட்டினேன். "அவன் முதுகுக்குப் பேராவது கிடைச்சிருக்கு, என் முதுகை யாரு கேக்கறா" என்று சிரித்தார்.

எங்கள் வேலையில் பெரிய தொல்லை அயோடின் கறை. காயத்துக்குப் போடும் மருந்து விரிப்பில் சிந்தினால் பழுப்பாகப் பிடித்துக்கொள்ளும். கஞ்சி போட்ட டாக்டர் கோட்டில் சிந்தினால் நீலமாகிவிடும், அது ஏனென்று தெரியாது. ஒரு நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தது: வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து மேலே ஊற்று. கறை போன இடம் தெரியாது. நீ இதை ஒரு கண்ணாடி டம்ளரில் செய்து காட்டேன். மருந்துக்கடையில் எல்லாம் கிடைக்கும், அலமாரி தேவையில்லை.

ஒரு வேண்டுகோள். வகுப்பில் நடத்துவதையெல்லாம் விவரமாக எனக்கு எழுது. போனில் வேண்டாம், நீ மூன்று நிமிடத்தில் வைத்துவிடுவாய். எங்கள் தையல் பிரிவில் இருக்கும் அம்மாவின் மகள் அதே வகுப்புதான் படிக்கிறாள். அவளுக்குக் காட்டுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

நீ சொன்னதைச் செய்தேன். டம்ளர் தண்ணீரில் பத்துச் சொட்டு அயோடின் மருந்தை விட்டு மேசைமேல் வைத்தேன். தேநீர் நிறம். பொடித்த மாத்திரையைப் போட்டுக் கலக்கினேன். நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் போல் ஆகிவிட்டது. ஜன்னலோரப் பையன் ஒருவன் எழுந்து நின்று, "சார், கலர் எங்க போச்சு?" என்றான். ஐந்து வாரத்தில் எனக்கு வந்த முதல் கேள்வி அது. நான் கரும்பலகையை விட்டுத் திரும்பி நிற்க வேண்டியதாயிற்று.

தையல் பிரிவு அம்மாவின் மகளுக்காக எழுதுகிறேன்: நிறம் எங்கும் போகவில்லை. அயோடின், மாத்திரையிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு அயோடைடு ஆகிவிடுகிறது. அயோடைடுக்கு நிறமில்லை. வாங்குவது ஒடுக்கம், கொடுப்பது ஆக்சிஜனேற்றம். இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும். கஞ்சி நீலமாவது வேறு கதை: கஞ்சியில் இருக்கும் ஸ்டார்ச் சுருள் சுருளாக இருக்கும், அயோடின் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இன்னும் இப்படி ஏதாவது இருந்தால் சொல்.

உன் தம்பி


ஆகஸ்ட் 5

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், ஒத்தடத்தில் இடுப்பு வலி இறங்கி வந்திருக்கிறது. உனக்குத் தொண்டை எப்படி இருக்கிறது? இப்போது முன்னால் திரும்பிப் பேசுவதால் கத்த வேண்டியிருக்காது.

அந்தப் பெண் கேட்கச் சொன்னாள். இரும்பு துருப்பிடிக்கும்போது இரும்பு கொடுக்கிறது, காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வாங்குகிறது. அப்படியென்றால் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைகிறது, ஆக்சிஜன் ஒடுங்குகிறது. சரிதானா? இன்னொன்று, மோல் என்றால் என்ன என்று அவளுக்குச் சுத்தமாகப் புரியவில்லையாம். புத்தகத்தை நாலு தடவை படித்தாயிற்றாம். கொஞ்சம் பொறுமையாக எழுது.

உன் வகுப்புக்கு அடுத்தது தண்ணீர். இங்கே குழாய்த் தண்ணீர் நின்றுபோய் ஆழ்குழாய்த் தண்ணீர் விடும் நாளில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது, தயிர் திரிந்த மாதிரி மிதக்கும். சலவை சோடாவைக் கொஞ்சம் முன்னால் போட்டால் சரியாகிவிடும். பிள்ளைகளை அவரவர் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல். ஒரே அளவு ஊற்றி, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கட்டும். எத்தனை சொட்டில் நுரை நிற்கிறது என்று பார்க்கட்டும்.

அக்கா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன்.

முப்பத்தெட்டுப் பாட்டில் வந்தது. வகுப்பறையே மீன் சந்தை மாதிரி இரைச்சல். ஏழு சொட்டில் நுரைத்த தண்ணீரும் இருந்தது, நாற்பத்தொன்றுக்கும் மசியாத தண்ணீரும் இருந்தது. ஊரின் வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டு ஒவ்வொரு தெருவிலும் சொட்டு எண்ணிக்கையை எழுதினோம். மேட்டுத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் கடின நீர். "அதான் எங்கம்மா சோப்பைத் திட்டறாங்களா" என்று ஒருவன் கேட்டான். தலைமையாசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் தன் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொடுத்தனுப்பினார்.

இரும்பு பற்றி அந்தப் பெண் சொன்னது முழுக்கச் சரி. கெட்டிக்காரி. மோல் என்பது 6.022 × 10²³ துகள்களைக் கொண்ட பொருளின் அளவு. இதற்கு மேல் அதில் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை, மனப்பாடம் செய்யச் சொல்.

ஒரு தலைவலியும் தீர்ந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பெண், கொத்தனார் ஒருவரின் மகள். வாயே திறக்க மாட்டாள். மூன்று தேர்விலும் ஒற்றை இலக்க மதிப்பெண். போன வாரம் அவள் அப்பாவை வரச்சொல்லி, இவளுக்கு இந்தப் படிப்பு ஏறாது, வருடத்தை வீணாக்காமல் வேறு ஏதாவது தொழில் பழகவிடுங்கள் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். நல்ல மனிதர், கைகூப்பி நன்றி சொன்னார். எல்லோருக்கும் படிப்பு வரவேண்டும் என்று இல்லையே. உனக்குப் பிடிக்காமல் போகவில்லையா? இன்று நீ நன்றாகத்தானே இருக்கிறாய்.

அடுத்த யோசனையை அனுப்பு.

உன் தம்பி


செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

என் கடிதம் கிடைத்ததா? நாலு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? கை மோசமாகிவிட்டதா? அத்தானைப் போனில் கூப்பிட்டேன். "நல்லா இருக்கா. வேலை ஜாஸ்தி" என்றார். வழக்கமாக அரை மணி நேரம் பேசுகிறவர், அத்தோடு போனை வைத்துவிட்டார்.

அமில மழை நடத்துகிறேன். செய்துகாட்ட ஏதாவது இருக்கிறதா? வகுப்பு நன்றாகப் போகிறது. கடைசி பெஞ்சு காலியாக இருக்கிறது.

இரண்டு வரியாவது எழுது.

உன் தம்பி


அக்டோபர் 3

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கையும் பரவாயில்லை. இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன், அதனால்தான் தாமதம்.

எனக்குப் படிப்பு பிடிக்காமல் போனது என்று எழுதியிருந்தாய். அப்போது உனக்கு எட்டு வயது. வீட்டில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், நீ நம்பினதில் தப்பில்லை. நடந்தது என்னவென்றால், இறுதி வகுப்பில் நான் வேதியியலில் இரண்டு தேர்வு தோற்றேன். எங்கள் வாத்தியார் அப்பாவை வரச்சொன்னார். "இவளுக்கு ஏறாதுங்க. வீட்டு வேலையாவது கத்துக்கட்டும்" என்றார். பக்குவமாகத்தான் சொன்னார். அப்பாவும் கைகூப்பினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அப்பா என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே வந்தார். எனக்குப் படிக்க வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. வாத்தியாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.

அப்பாமேல் எனக்குக் கோபமில்லை. படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தார். அவ்வளவு நம்பிக்கையோடு நம் முன்னால் கைகூப்புகிறவரிடம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அதுவும் உண்மைதான். ஆனால் அதை நீ சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

அமில மழைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது.

அக்கா


அக்டோபர் 11

அக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் செய்துவிட்டு எழுதுகிறேன்.

கொத்தனார் வேலை செய்யும் கட்டடத்தை விசாரித்துக்கொண்டு போனேன். சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தார். தொட்டியில் சுட்ட கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார், அது கொதித்து ஆவி கிளம்பியது. என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். "கண்ணுல தெறிச்சா போச்சு சார்" என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டால் எனக்கு ஒரு மூட்டையைத் தட்டி உட்காரவைத்தார்.

"உங்க பொண்ணைத் திரும்ப அனுப்பணும்" என்றேன்.

"நீங்கதானே சார் ஏறாதுன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் மண்வெட்டியால் தொட்டியைக் கிளறினார். "அவ இப்ப துணிக்கடைல நிக்கறா. நீங்க சொன்னதைக் கேட்டுட்டு ரெண்டு நாள் சாப்பிடல. மூணாம் நாள் அவளே, சரிப்பா, சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டா. இப்ப மறுபடி வான்னு எப்படிச் சொல்றது? நாளைக்கு நீங்க இன்னொண்ணு சொல்வீங்க."

"நான் சொல்றதைக் கேக்க வேண்டாம். அவளுக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்றேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றார். வருவாளா என்று தெரியவில்லை.

அந்தப் பெண் ஒரே ஒரு முறை என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறாள் என்று அவள் தோழி சொல்லித்தான் தெரிந்தது. ஜூன் மாதம், மோல் பற்றி. "இதுகூடத் தெரியாமலா இந்த வகுப்புக்கு வந்தே?" என்றேனாம். எனக்கு ஞாபகம்கூட இல்லை.

என்னை மன்னித்துவிடு அக்கா.

உன் தம்பி


அக்டோபர் 30

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறோம். நீ அங்கே சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. போனது போகட்டும், அழுமூஞ்சியாக உட்காராதே. போய்ப் பார்த்தாய் அல்லவா, அது போதும்.

அவள் வந்தால் மோலை இப்படிச் சொல். இங்கே ஒரு நாளைக்கு ஆயிரம் தலையணை உறை வரும். யாரும் எண்ணுவதில்லை, எண்ணினால் விடிந்துவிடும். நிறுத்துவிடுகிறோம். காய்ந்த உறை பன்னிரண்டு கிலோ இருந்தால் நூறு. விரிப்பென்றால் நூறுக்கு அறுபது கிலோ. எண்ணிக்கை ஒன்றேதான், எடைதான் வேறு. அணுவை யாரால் எண்ண முடியும்? அதனால் நிறுக்கிறார்கள். கார்பன் பன்னிரண்டு கிராம் என்றால் ஒரு மோல். இரும்பென்றால் ஐம்பத்தாறு கிராம். உள்ளே இருக்கும் அணுக்கள் அதே எண்ணிக்கை. போன ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கு இது பிடிபடவே இல்லை. மூட்டையைத் தராசில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது சட்டென்று புரிந்தது, மூட்டையை அப்படியே விட்டுவிட்டு நின்றேன். மேற்பார்வையாளர் "என்னம்மா, இடுப்பா?" என்றார்.

புத்தகத்தில் உள்ள அந்த நீளமான எண்ணை முதலில் சொல்லாதே. அதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

அக்கா


டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், நிஜமாகவே சாப்பிடுகிறேன். கை எப்படி இருக்கிறது?

நவம்பர் முதல் திங்கட்கிழமை அவள் வந்தாள். கடைசி பெஞ்சுக்குத்தான் போனாள். மளிகைக் கடையிலிருந்து தராசு இரவல் வாங்கி வைத்திருந்தேன். ஒரு டப்பா நிறையச் சட்டைப் பொத்தான், ஒரு டப்பா நிறைய ஆணி. ஒவ்வொன்றிலும் எத்தனை இருக்கிறது, மணி அடிப்பதற்குள் சொல்லுங்கள் என்றேன். எல்லோரும் கொட்டி எண்ண ஆரம்பித்தார்கள். பின்னாலிருந்து, "பத்தை நிறுத்துட்டு மொத்தத்தையும் நிறுத்தா போதுமே" என்று ஒரு குரல். அவள் குரலை நான் காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

அவள் அப்பாவையும் ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட்டேன். வாளியில் சுண்ணாம்பு நீற்றிக் காட்டினார். பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு முக்கால்வாசி அவரே பதில் சொன்னார். சமன்பாடு எழுதுவதுதான் என் பங்கு.

அரையாண்டில் இருபத்திரண்டு பேர் தேறியிருக்கிறார்கள். அவள் தேறவில்லை, நாலு மதிப்பெண் குறைவு. ஆனால் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள். "இது எங்க சார் தப்பு?" என்று நின்றாள். மதிய உணவு ஆறிப்போயிற்று.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். தையல் பிரிவு அம்மாவுக்கு இரண்டு பையன்கள்தானாம், பெண் கிடையாதாம். அத்தான் போனில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை வரை பிடிபடாதது யாருக்கு அக்கா?

உன் தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டு மூன்று மாதம் ஆகிறது. அதற்குள் நீ இரண்டு தடவை போன் செய்தும் நான் துணியைப் பற்றியே பேசினேன். நீயும் விட்டுவிட்டாய். அதற்கு நன்றி. நேற்று செய்முறைத் தேர்வு முடிந்தது, இனி சொல்லலாம்.

ஆமாம், நான்தான். நீ வேலையில் சேருவதற்கு ஒரு மாதம் முன்னால் தனித்தேர்வராகப் பெயர் கொடுத்தேன். மற்ற பாடங்களை இயந்திரம் சுழலும் நாற்பது நாற்பது நிமிடமாகப் படித்தேன். வேதியியலுக்கு உன் கடிதங்கள். ஞாயிறுதோறும் ஒரு பள்ளியில் எங்களுக்குச் செய்முறை வகுப்பு. உன்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். தோற்றவர்களைப் பற்றி நீ எழுதிய விதத்தைப் படித்த பிறகு வாய் வரவில்லை.

நேற்று நடந்ததைக் கேள். எனக்குப் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் வந்தது. சுற்றிலும் பதினேழு வயதுப் பிள்ளைகள், என்னை யாருடைய அம்மாவோ என்று நினைத்து ஒருவன் நாற்காலி எடுத்துக் கொடுத்தான். மேலே கத்தரிப்பூ நிறக் கரைசல், கீழே குடுவை. சொட்டுச் சொட்டாக விட வேண்டும், முதல் வெளிர் சிவப்பு கலையாமல் நின்றதும் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் எல்லோருக்கும் கை தாண்டிப் போய், குடுவை பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. நான் நிறுத்தினேன். தேர்வாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கலரே வரலையேம்மா?"

"வந்துடுச்சு சார். கீழ ஒரு வெள்ளைத் தாள் வெச்சுப் பாருங்க."

தாளை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூன்று தடவை செய்தேன், மூன்றும் ஒரே அளவு. "எப்படிம்மா?" என்றார். "வெள்ளைத் துணியில கறை இருக்கா இல்லையான்னு பார்க்கறதுதான் சார் என் வேலை" என்றேன்.

அங்கே கையுறையைக் கழற்றவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

அக்கா


மே 27

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானும் நானும் நலம். உன் பிள்ளைகளில் முப்பத்தொரு பேர் தேறியதையும், பிரிவை எடுக்கச் சொன்ன கடிதத்தைத் தலைமையாசிரியர் கிழித்துப் போட்டதையும் நீ போனில் சொன்னதும் ஓடிப்போய் அத்தானிடம் சொன்னேன். கொத்தனாரின் மகள் ஐம்பத்தெட்டு எடுத்ததை அத்தான் வேனில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஏதோ தன் மகள் மாதிரி.

என் முடிவும் வந்துவிட்டது. சலவைக்கூடத்தில் எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். வேதியியலில் எண்பத்து மூன்று. தையல் பிரிவு அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "என் பொண்ணு பாஸாயிட்டா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். இல்லாத மகளுக்கு இத்தனை நாள் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அந்த உரிமை அவளுக்கு உண்டு.

மற்ற பாடங்களிலும் தேறிவிட்டேன். கணக்கு மட்டும் கவிழ்த்துவிட்டது. இருபத்தாறு. அழலாமா என்று யோசித்தேன், அதற்குள் விரிப்பு மூட்டை வந்துவிட்டது. செப்டம்பரில் மறுபடி எழுதப் பெயர் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை யாரிடமும் மறைக்கப் போவதில்லை, மேற்பார்வையாளர் விடுப்பைக்கூட இப்போதே எழுதிக்கொண்டார்.

உன் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர் எப்படி? அவரிடமும் பாதிப் பேர் தோற்கிறார்களா? அப்படியானால் கொஞ்சம் கேட்டுச் சொல், அவருக்கும் தூரத்தில் ஓர் அக்கா வேண்டுமா என்று.

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா